பத்தாயிரத்து ஏழு மூட்டை

தண்டையார்பேட்டை குடோனில் எங்கள் சூப்பர்வைசர் ஸ்டானிஸ்லாஸ் மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ண மாட்டார். மூட்டைகளை அடுக்கிய எல்லா அட்டியும் ஒரே அளவில் நிற்க வேண்டும். ஒரு அட்டியில் இருப்பதை எண்ணி, அட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்வார். அட்டிக்கு வெளியே மூட்டை மிஞ்சிக் கிடந்தால், மேஸ்திரி திருட ஒதுக்கி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். போன மாதம் அப்படித்தான் ஒருவரின் கேட் பாஸைப் பிடுங்கினார்.

இந்தத் தடவை வந்த பருப்பு பத்தாயிரத்து ஏழு மூட்டை. லாரிக்கு லாரி டிக் போட்டவன் நான். மேஸ்திரி ரஷீது பாய் நாற்பது நாற்பதாக இருநூற்றைம்பது அட்டி போட்டார். ஏழு மிஞ்சியது. நாற்பத்தொன்றாக மாற்றச் சொன்னார் ஸ்டானிஸ்லாஸ். ஆறு அட்டியைக் கலைத்து, மற்ற எல்லா அட்டியின் தலையிலும் ஒவ்வொன்று ஏற்றினார்கள். மூன்று மிஞ்சியது. நெருங்கிவிட்டோம் என்று அவருக்கு உற்சாகம். நாற்பத்திரண்டு போட வைத்தார். பதினொன்று மிஞ்சியது.

அதற்குள் விடிந்துவிட்டது. ரஷீது பாய்க்கு ஐம்பத்தெட்டு வயது. வலது கையைத் தூக்க முடியவில்லை. அடுத்து நாற்பத்து மூன்று என்று உத்தரவு வந்ததும் என்னிடம் வந்தார்.

"நீ காலேஜ்ல கணக்குதான படிச்ச? எத்தினி போட்டா சரியா வரும், சொல்லு."

இரண்டு வருஷம் படித்துவிட்டு நின்றவன் நான். டாலி ஷீட்டின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன். நூற்றொன்றை நூற்றொன்றால் பெருக்கினால் பத்தாயிரத்து ஏழைத் தாண்டிவிடும். அதனால் நூறுக்குக் கீழே இருக்கும் இருபத்தைந்து பகா எண்களால் வகுத்தாலே போதும். ஒன்றும் மாட்டவில்லை. இதுவும் பகா எண்தான்.

"எத்தினி போட்டாலும் வராது பாய். மொத்தத்தையும் ஒரே அட்டியா போட்டாத்தான் உண்டு."

"கப்பல்காரன் லைட் ஹவுஸுன்னு நெனச்சிக்குவான்," என்றார். சிரிக்கவில்லை.

ஸ்டானிஸ்லாஸிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னாடா கத வுடுற? இம்மாம் பெரிய நம்பருக்கு ஒண்ணு கூடவா மாட்டாது?"

"போன்ல நீயே போட்டுப் பாருண்ணா. ரெண்டுலர்ந்து ஆரம்பி. மாட்டுச்சுன்னா அத்தினி மூட்டையும் நானே தூக்கறேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். வேலை நின்றது. ஆட்கள் அங்கங்கே சாய்ந்தார்கள். நூறோடு நிறுத்தலாம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. நூறைத் தாண்டினார். இருநூறைத் தாண்டினார். வெளியே டீக்கடை திறந்து, முதல் பால் காய்ந்து, டீ வந்து ஆறியும் போனது. முந்நூற்றுப் பன்னிரண்டில் போனைப் பையில் போட்டார்.

"பதினொண்ண கதவாண்ட தனியா போடச் சொல்லு. ஷீட்ல எழுதி நீ கையெழுத்து போடு. ஒண்ணு கொறஞ்சாலும் உன் கேட் பாஸ்தான்."

போட்டேன். பதினொன்றும் ஏற்கெனவே கதவருகில்தான் கிடந்தன. அவற்றின் மேல் ரஷீது பாய் தூங்கிக்கொண்டிருந்தார்.