ஐலர்ட் பெயரில் ஒரு பூனை

மறுபடியும் என் பூனைக்கூண்டில் விழுந்திருந்தது ஃபிட்டேதான். காலையிலிருந்து மழை கொட்டித் தீர்த்ததில் கூண்டு வைத்திருந்த மீன் கிடங்கைச் சுற்றி ஒரே சேறு. உள்ளே உட்கார்ந்திருந்த மகாராஜாவின் பாதங்களில் மட்டும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. இரையாக வைத்த சாளை மீன் முழுவதையும் தின்றுவிட்டு மீசையை நக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

எங்கள் நகராட்சியின் பூனைச் சட்டம் சின்னதுதான். வெளியே திரியும் பூனைக்குக் கருத்தடை செய்திருக்க வேண்டும், தோலுக்கடியில் சிப் இருக்க வேண்டும், யாருடையது என்று பதிந்திருக்க வேண்டும். நாதியற்ற பூனைகளை நான் பிடித்துப்போய், கருத்தடை செய்வித்து, பிடித்த இடத்திலேயே விடுவேன். சம்பளமில்லாத வேலை, கை நிறையக் கீறல். சிப் உள்ளது சிக்கினால் பதிவில் இருப்பவரைக் கூப்பிட்டாக வேண்டும். அவரைக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.

ஃபிட்டே பதிந்திருப்பது ஐலர்ட் பெயரில். அவன் மனைவி ஹில்கேயை விட்டுவிட்டு பிரேமன் நகரத்துக்குப் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. பூனையையும் விட்டுவிட்டுத்தான் போனான்.

கிடங்கை ஒட்டி ஹில்கேயின் வீடு. கூண்டோடு போய்க் கதவைத் தட்டினேன். தேநீர் தயாராக இருந்தது. எங்கள் கடலோரத்தில் மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரியை அவமதித்த மாதிரி. வசமாக மாட்டிக்கொண்டேன்.

"ஏன்டி, சேத்துல நடந்து வந்த பூனைக்குக் கால் இப்படியா பளபளன்னு இருக்கும்? நீயே தூக்கிட்டுப் போய் உள்ள விட்டியா?"

அவள் கோப்பையிலிருந்த கற்கண்டின் மேல் தேநீரை ஊற்றினாள். அது படக்கென்று விரிசல் விட்டது.

"நீ கூப்பிட்டா ஐலர்ட் ஃபோனை எடுக்கறான், ஃப்ராவ்கே. நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். இரண்டாவது கோப்பைக்குக் கையை நீட்டினேன்.

"பேசாம உன் பேருக்கு மாத்திக்கோ. அவன் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"மாத்திட்டா அப்புறம் எதுக்கு அவனைக் கூப்பிடுவே?"

ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஃபோனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"மொய்ன், ஃப்ராவ்கே! மறுபடியுமா? அந்தத் தடியன் திருந்தவே மாட்டானா?" ஐலர்ட் சிரித்தான். அதே பழைய சிரிப்பு, பாவிப்பயல். ஹில்கே கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹில்கேகிட்டயே குடுத்துடு," என்றான். பிறகு, "இது சரிப்படாது. அவ பேருக்கே மாத்திடு. எனக்குச் சம்மதம்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், நூல் அறுந்தது என்று நினைத்தேன்.

"சரி, மாத்திடறேன்," என்றேன்.

"நல்லா சாப்பிடறானா?"

"உன்னை மாதிரிதான். கூச்சமே இல்ல."

அவன் சிரிக்கவில்லை. "அவ பக்கத்துல இருக்காளா?"

சொல்லாதே என்று ஹில்கே வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"இல்ல," என்றேன்.

வைத்துவிட்டான் போல என்று ஃபோனுக்குக் கையை நீட்டினேன். அப்போது நாக்கை அண்ணத்தில் தட்டி, டொக், டொக் என்று மெல்லக் கூப்பிட்டான், பூனையை. ஃபிட்டே காதை நிமிர்த்தி, கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டது. மேசைக்கு அந்தப் பக்கம் ஹில்கேயும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தாள்.