ராவாங்கா, பூச்சோங்கா

முருகையா லீவில் மலையேறி வந்தால் அவனோடு இரண்டு ஊர்களும் தோட்டத்து லய வீட்டுக்குள் நுழைந்துவிடும். சோற்றில் கை வைத்தபடி ராவாங்கைப் புகழ்வான். கை கழுவுவதற்குள் பூச்சோங்குக்குத் தாவியிருப்பான்.

எண்பத்திரண்டில் தேயிலைத் தோட்டத்தை விட்டு, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவன் அவன். மனைவி அம்சவல்லியையும் மகள் சரோஜாவையும் கூட்டிக்கொள்ள அவனுக்கு அவசரம். அம்சவல்லிக்கு அதைவிட அவசரம். கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்துப் பிடித்துத் தோள் மரத்திருந்தது. தேயிலை நிரையில் நிற்கும்போதெல்லாம் கண் மலையிறங்கும் தாப்பா ரோட்டுக்கே ஓடியது.

"ராவாங்குல கல்லு வீடு, வல்லி. புது தாமான், வரிசையா புது வீடுங்க. பைப்பு, பாத்ரூமு எல்லாம் உள்ளயே. பூச்சோங்குல பலகை வீடுதான். மழை பேஞ்சா சகதி."

"வேலைக்குப் போக வர?"

"பூச்சோங்குன்னா மோட்டார் சைக்கிள்ல பொசுக்குன்னு போயிரலாம். ராவாங்குன்னா கோலாலம்பூரு வந்து பஸ் மாறணும். பழகிரும்லா."

"எனக்கு?"

"ஒனக்கென்ன? வீட்டப் பாத்துக்கிட்டு இரு. வெட்டுனது போதும்."

பிரியமாகத்தான் சொன்னான். அவள் தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தங்கையா அவளை எச்சரித்தார். "நீயும் வேலைய விட்டுட்டா லயத்து வீட்டக் காலி பண்ணணும். திரும்பி வந்தா வீடு இருக்காது. நல்லா பாத்துட்டுப் போம்மா."

பள்ளி விடுமுறையில் வீடு பார்க்க மூவரும் மலையிறங்கினார்கள். ராவாங்கில் முருகையாவின் நண்பன் வீட்டில் தங்கினார்கள். வெள்ளைச் சுவர், வழவழத்த தரை. சரோஜா குழாயைத் திறந்து திறந்து மூடினாள். பகலில் தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அம்சவல்லி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் விடியுமுன் அவன் வேலைக்குக் கிளம்பியபோது, "நாங்களும் வர்றோம்" என்று நின்றாள்.

நிறைந்து வந்த முதல் பஸ் நிற்காமலே போனது. அடுத்ததில் ஒற்றைக் காலில் தொங்கினார்கள். கோலாலம்பூரில் மாறி மினி பஸ்ஸில் ஏறியதும் முருகையா கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினான். தூங்கும் அந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் அவள் அதுவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கிழடு தட்டியிருந்தது. இறங்கியதும், "லேட்டாயிருச்சு!" என்று தொழிற்சாலை வாசலுக்கு ஓடினான்.

தாயும் மகளும் ரோட்டோரம் நின்றார்கள். எதிரே, ரேடியோ சாமான் செய்யும் கம்பெனியின் பஸ் வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கினார்கள்.

"அக்கா, எங்கேருந்து வரீங்க?" என்று ஒரு தமிழ்ப் பெண்ணைக் கேட்டாள் அம்சவல்லி.

"பூச்சோங்கு. பஸ்ஸு வீட்டுக்கிட்டயே வரும்."

"ராவாங்குக்கு?"

"அம்மாடி, அவ்ளோ தூரம் ஏன் வரப்போவுது! ஆளு எடுக்குறாங்க. வேணும்னா உள்ள வந்து கேளுங்க."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். முடி போன்ற கம்பிகளை ஓட்டைகளில் கோக்கச் சொன்னார்கள். கோத்தாள். அடுத்த மாதம் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் அதைச் சொல்லி, பூச்சோங்கிலேயே வீடு பார்க்கலாம் என்று அவள் கேட்டதும் முருகையாவுக்குச் சுருக்கென்றது.

"லயத்த விட்டு வந்து மறுபடி பலகை வீடா? நம்ம ஆளுங்க சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். கல்லு வீட்டுல கதவச் சாத்திக்கிட்டு நான் யாரப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க? நீ இருட்டுல போயி இருட்டுல வருவ. ஒன் மவ ஒன் மூஞ்சியவே மறந்துருவா."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பூச்சோங் பஸ்ஸில் ஏறினான். அங்கே வாடகைக்கு விடும் ஒரு பலகை வீட்டைச் சுற்றி வந்தவன், வீட்டுக்காரரிடம், "தாழ்ப்பா ஆடுதே, மாத்தித் தருவீங்களா?" என்றான். அம்சவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

லயத்தைக் காலி செய்து வந்த பிறகு மழைக்காலத்தில் சகதி வாசலைத் தாண்டியது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். முருகையா பொழுதோடு வீடு திரும்பி மகளோடு சாப்பிட்டான்.

ஆனாலும் அம்சவல்லிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "காஜாங் பக்கம் புது தாமான் வருதாம். அங்கயும் கம்பெனி பஸ்ஸு போவுதாம்" என்று ஆரம்பித்தாள்.

மோட்டாரில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த முருகையா கையெடுத்துக் கும்பிட்டான்.

"இப்பதான் வந்தோம், தாயே. மூச்சு விட விடுலா."

அவள் அதற்குள் காஜாங் போகச் சேலையை மாற்றிக்கொண்டிருந்தாள்.