சங்குசக்கரப் பெட்டியில் ஒரு தனிக்குரல்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஜூலை மாதம் உபைதுல்லாவின் இரண்டாவது தனி இசைத்தொகுப்பு வெளிவந்தபோது, அதை எதிர்கொள்ள உலகம் ஆயத்தமாக இல்லை. முதல் தொகுப்புக்கும் அது ஆயத்தமாக இருந்ததில்லை என்பதால் அவனுக்கு இதில் பெரிய அதிர்ச்சியும் இல்லை. முதலாவதன் பெயர் 'தனித்தொண்டை'. இரண்டாவதன் பெயர் 'தனித்தொண்டை – இரண்டு'. கற்பனையைத் தலைப்பில் செலவழித்துவிட்டால் பாட்டுக்கு மிச்சமிருக்காது என்பது அவனுடைய கொள்கை.

சிவகாசிக் கடைவீதியில் காகித மொத்த வியாபாரம் செய்யும் அசன் முகம்மதுவின் ஒரே மகன் ராக் பாடகன் ஆனது எப்படி என்று அந்தக் குடும்பத்துக்கே இன்னும் விளங்கவில்லை. மதுரைக்கு பி.காம். படிக்கப் போனவன், பட்டத்தோடு ஒரு மின்கிதாரையும் சுமந்துகொண்டு திரும்பினான். வந்த வேகத்தில் 'வெயில் கம்பெனி' என்று ஓர் இசைக்குழுவைத் தொடங்கினான். எதைத் தொடங்கினாலும் கம்பெனி என்று முடிக்கிற ஊரில் அந்தப் பெயரை யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. என்ன சரக்கு, மொத்தமா சில்லறையா என்று மட்டும் கேட்டார்கள்.

குழுவில் மூன்று பேர். பாட்டெழுதி, மெட்டமைத்து, கிதார் வாசித்துப் பாடுகிறவன் உபைதுல்லா. பேஸ் கிதார் வாசிக்கிற தங்கச்சாமிக்கு மற்ற நேரத்தில் மருந்துக்கடையில் வேலை. டிரம்ஸ் தருண்குமார், திருத்தங்கலில் அச்சகமும் விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலையும் நடத்துகிற லட்சுமிகாந்தத்தின் மகன். அச்சகத்துக் காகிதக் கிடங்கில் அவன் டிரம்ஸைப் போட்டு உடைக்கும்போது அக்கம்பக்கத்தில் ஒருவரும் ஆட்சேபித்ததில்லை. புதுச் சரக்கை வெடித்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

குழுவுக்கு ஒரு குறையும் இல்லை. உபைதுல்லாவுக்குத்தான் குறை. விருதுநகரில் ஒரு கல்லூரி விழாவில் அவன் ஆறு பாட்டுகள் பாடி முடித்தபின் மாணவர்கள் எழுந்து நின்று, டிரம்ஸ்காரனை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். தன் சொற்களின் மீது தோலும் கட்டையும் ஏறி மிதிக்கின்றன என்ற முடிவுக்கு அன்றே வந்துவிட்டான். இனி ஒரு குரல், ஒரு கிதார், வேறெதுவும் கிடையாது. முதல் தொகுப்பு வீட்டார் தவிர வேறு யாரையும் எட்டாதபோது குழுவுக்குத் திரும்பினான். இரண்டாவதற்காக மறுபடியும் விலகினான். இம்முறை விலகுகையில் ஒரு சபதமும் செய்தான்.

"என் பாட்டைக் கேட்டுட்டு ஒரே ஒரு ஆளு உண்மையா ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரைக்கும் கம்பெனி மேடையில ஏற மாட்டேன்."

"அந்த ஆளு திட்டுனாம்னா?" என்று கேட்டான் தருண்குமார்.

"திட்டட்டும். கேட்டுட்டுத் திட்டணும்."

"அப்பச் சரி. ஜனவரியில விருதுநகர் காலேஜுல நானும் தங்கச்சாமியும் ஊமைப்படம் ஓட்டுதோம்."

தொகுப்பின் அட்டையை உபைதுல்லா தானே வடிவமைத்தான். கறுப்புப் பின்னணி. அதில் அவன் முகம் மட்டும், பார்ப்பவரை இரண்டு தலைமுறைப் பகையோடு முறைத்துக்கொண்டிருக்கும். முகப்பில் ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தான். எழுத்து, கலையைச் சந்தைப் பொருளாக்கிவிடுகிறது என்று விளக்கினான். லட்சுமிகாந்தம் அச்சக நாற்காலியில் சாய்ந்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"எம்புட்டு வேணும்?"

"முந்நூறு."

"முந்நூறுக்கு மெசினு ஓடாதுப்பா. மை காயுறதுக்குள்ள முடிஞ்சிரும். சங்குசக்கர லேபிள் பத்தாயிரம் ஓட்டணும், அந்தத் தாள்ல ஓரத்துல எடம் கெடக்கு. உன்னையும் சேத்து ஓட்டிருதேன். மிச்சத் தாளு வெடிக்குக் குழாய் சுத்த ஆகும்."

திருத்தங்கலில் தாளில் வெற்றிடம் விடுவது பாவம். ஒரு பெரிய தாளில் கல்யாணப் பத்திரிகையும் ஊதுபத்தி அட்டையும் ஊறுகாய் லேபிளும் அண்ணன் தம்பியாகப் படுத்திருக்கும். வெட்டும்போதுதான் அவை பிரியும். அப்படித்தான் உபைதுல்லாவின் முகமும், பொக்கைவாய் திறந்து சிரிக்கும் ஒரு குழந்தையின் படமும் அடுத்தடுத்துப் பத்தாயிரம் தடவை அச்சேறின. இரண்டும் ஒரே அளவுச் சதுரம். லேபிள்களில் ஆலையின் பெயரைப் பிறகு தனியாக அடித்துக்கொள்வது வழக்கம் என்பதால் குழந்தையின் படத்திலும் எழுத்து இல்லை. எழுத்தில்லாக் கலையில் உபைதுல்லாவுக்குச் சிவகாசி இருபது வருடம் முன்னோடியாக இருந்தது.

தாள் வெட்டுமுன்பே உபைதுல்லாவுக்குச் சின்னம்மை கண்டது. இரண்டு வாரம் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்து, முந்நூறு குறுந்தட்டு உறைகளிலும் அட்டையைச் செருகியவர்கள் அவனுடைய அம்மா ஆசியா பீவியும் தங்கை நசிமாவும். அவன் எழுதி வைத்திருந்த பட்டியலின்படி நாற்பது பத்திரிகைகளுக்கு அஞ்சலில் அனுப்பியவர்களும் அவர்கள்தான். உறையைப் பார்த்து ஆசியா பீவிக்கு மனம் நிறைந்துவிட்டது. மகன் திருந்தி வருகிறான் என்று நினைத்து அவனிடம் ஒன்றும் சொல்லாமல் சந்தோஷப்பட்டாள்.

எழுந்து நடமாடத் தொடங்கிய உபைதுல்லா விமர்சனங்களுக்காகக் காத்திருந்தான். முப்பத்தொன்பது பத்திரிகைகள் மௌனம் காத்தன. நாற்பதாவது, தன் சிறுவர் இணைப்பில் மூன்று சொற்கள் எழுதியது: 'வரப்பெற்றோம்: தாலாட்டுக் குறுந்தட்டு'.

அன்றுதான் அவன் உறையை எடுத்துப் பார்த்தான். குழந்தை சிரித்தது.

பைக்கில் திருத்தங்கல் போய்ச் சேர்ந்தபோது, வெட்டு இயந்திரத்தின் முன்னால் செல்லப்பாண்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக லேபிள் வெட்டுகிறவர். எதைக் கேட்டாலும் கோபப்படாத மனிதர்.

"அண்ணே, முந்நூறு சி.டி.க்கு எந்தப் படத்தைக் குடுத்தீக?"

"பாப்பாப் படம்."

"பத்தாயிரம் விஸ்வநத்தத்துக்கு?"

"ஒம்ம படம்." செல்லப்பாண்டி தம்ளரைக் கீழே வைத்தார். "சீட்டுல ஒண்ணு பாட்டு, ஒண்ணு பட்டாசுன்னு எழுதியிருந்துச்சு. எது எதுக்குன்னு எழுதல. நீரே சொல்லும். பாட்டுன்னா மனுசன் சந்தோசமாக் கேக்கத்தான? அதுக்குச் சிரிக்கிற புள்ள. பட்டாசுன்னா பாத்ததும் ஒரு பயம் வரணும். ஒம்மப் பாத்தா எனக்கே வந்துச்சு."

இருபது ஆண்டு அனுபவத்தின் முன்னால் அழகியல் கோட்பாடுகள் வாயடைத்து நின்றன.

அதற்குள் விஸ்வநத்தத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் சங்குசக்கரப் பெட்டிகளில் உபைதுல்லா ஒட்டப்பட்டு, லாரிகளில் லோடாகி, பாட்னாவுக்கும் இந்தூருக்கும் போய்விட்டான். தென்னிந்தியாவே ஏறெடுத்துப் பார்க்காத ஒரு ராக் பாடகன் ஒரே சீசனில் வடஇந்தியா முழுவதும் சுற்றி வந்தது தமிழிசை வரலாற்றில் இதற்கு முன் நடந்ததில்லை. பாடாமலே நடந்தது என்பது மட்டும்தான் குறை.

கடைவீதியில் விஷயம் பரவ ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அசன் முகம்மது அன்று மதியமே கடையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஒம் மூஞ்சிய ஊரெல்லாம் கொளுத்திச் சுத்த விடுதாகளாம்லே. எதுத்த கடைக்காரன் தனுஷ்கோடி நம்ம கடைக்கு வந்து சொல்லுதான். நல்லாச் சுத்துதாம், புகை கம்மியாம்."

"பெட்டியிலதான் அத்தா ஒட்டியிருக்காக. பெட்டிய யாரும் கொளுத்த மாட்டாக."

"அப்ப குப்பையில போடுவாகளா? அதுக்குக் கொளுத்துறதே மரியாதை."

மிஞ்சிய இருநூற்றறுபது குறுந்தட்டுகள் உபைதுல்லாவின் அறையில் பொக்கைவாயோடு அடுக்கியிருந்தன. அட்டையை மாற்றலாம் என்றால், மீதமிருந்த சில நூறு முகங்களும், பிய்ந்துபோகும் லேபிள்களுக்குப் பதிலாக ஒட்டவென ஆலையிலேயே இருந்தன. தீபாவளிக்கு முன்வாரம் தருண்குமார் வந்து, ஆலைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் பரிசுப்பெட்டியில் ஆளுக்கொன்று வைத்துவிடட்டுமா என்று கேட்டான். எதையாவது செய் என்றான் உபைதுல்லா. பரிசுப்பெட்டியில் இனிப்பு, ஒரு துண்டு, மத்தாப்பு இரண்டு பெட்டி, 'தனித்தொண்டை – இரண்டு' என்ற வரிசையில் அவன் கலை மக்களைச் சென்றடைந்தது.

தீபாவளி முடிந்தது. விமர்சனம் வரவில்லை. டிசம்பரில் பாட்னாவிலிருந்து ஆர்டர்தான் வந்தது. அடுத்த சீசனுக்கும் அதே கோபக்காரன் படம் வேண்டுமாம், இம்முறை ஐம்பதாயிரம். லட்சுமிகாந்தம் ஆள் அனுப்பி, ஒரு நல்ல போட்டோவாக, இன்னும் கொஞ்சம் முறைத்தாற்போல எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

உபைதுல்லா நேரே விஸ்வநத்தம் போனான். மிச்சமிருக்கும் லேபிள்களைக் கையோடு வாங்கிக் கிழித்துப் போடுவது, இனி ஒரு பெட்டியிலும் தன் முகம் ஒட்டக் கூடாது என்று எழுதி வாங்குவது, இவைதான் திட்டம். தருண்குமாரும் உடன் வந்தான். ஆலை வாசலில் வழக்கம்போலக் கைபேசியையும் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தருண்குமார் வாசலிலேயே காவல்காரரோடு பேச நின்றுவிட, வெறுங்காலோடு இவன் மட்டும் லேபிள் ஒட்டும் கூடத்துக்குள் போனான். வெடிமருந்து அறைகளிலிருந்து தள்ளி, வேலி ஓரமாக இருந்த நீளமான கூடம். பத்துப் பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து, மிஞ்சிய லேபிள்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். மறுபடியும் அவனைப் பார்த்தாள்.

"ஏட்டி, இங்கன பாரு. சங்குசக்கரம் நடந்து வருது."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. முப்பது வயது மதிக்கத்தக்க அந்தப் பெண்ணின் பெயர் பேச்சியம்மாள். அந்த சீசனில் ஆயிரம் உபைதுல்லாக்களுக்கு முதுகில் பசை தடவியவள்.

"முதலாளிய எங்க?" என்று கேட்டான், அட்டையில் இருப்பதைப் போலவே முறைத்து.

"இப்ப வந்துருவாக. தம்பி, அந்தப் பாட்டுத் தட்டுலயும் நீகதான பாடுறீக? சின்ன முதலாளி சொன்னாக."

உபைதுல்லா ஆமென்று தலையாட்டினான்.

"பாப்பாப் படம் போட்டிருந்துச்சா, தாலாட்டுன்னு நெனச்சு எங்க சின்னவனுக்குப் போட்டேன். நீக வாயத் தெறந்ததும் வீல்னு கத்திட்டான். நிறுத்தப் போனவ, இம்புட்டுக் கோவமா இந்த ஆளு என்னதான் சொல்லுதாருன்னு கேட்டேன்."

"கேட்டீகளா? முழுசாவா?"

"ஒரு மாசமா வீட்ல அதுதான் ஓடுது. வேற தட்டு இல்ல." அவள் பெட்டியை ஒட்டி அந்தப் பக்கம் வைத்தாள். "ஆனைக்குட்டம் அணையில தண்ணி வத்திப்போற பாட்டு இருக்கே, அது நல்லாருக்கு. எங்க ஆத்தா ஊரு அது. மத்ததெல்லாம் ஒரே பாட்டுதான? வார்த்தைய மட்டும் மாத்திட்டீக."

பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். பேச்சியம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அந்தத் தண்ணிப் பாட்டுலயும் நடுவுல நீக பாட்டுக்கு இழுத்துக்கிட்டே போறீக. யாராச்சும் புடிச்சு நிறுத்த வேண்டாமா? பசை தடவுறப்பப் பாடிப் பாத்தா கைக்கு ஒத்து வரல. பெறகு நானே ஒண்ணு போட்டுக்கிட்டேன்."

"என்ன போட்டீக?"

அவள் பசைத் தூரிகையைத் திருப்பிப் பிடித்து, தகர டப்பாவின் விளிம்பில் தட்டத் தொடங்கினாள். தட்டிக்கொண்டே அவனுடைய வரிகளைப் பாடினாள். இரண்டாவது அடி முடிகிற இடத்தில், தட்டலை நிறுத்தி ஒரு மூச்சு விட்டாள். 'கரையில் நிற்கும் கொக்கு' என்ற சொற்கள் அந்த இடைவெளிக்குப் பின்னால் தனியாக வந்து நின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் முப்பத்தாறு முறை பாடியும் அந்தக் கொக்கு இப்படி நின்றதில்லை. எந்தச் சத்தம் தன் சொற்களை மிதிக்கிறது என்று விலகி வந்தானோ, அது இல்லாமல் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்திருக்கின்றன. இரண்டு தொகுப்பு, நாற்பது பத்திரிகை, ஒரு சபதம் ஆகியவை சொல்லாததைப் பசை டப்பா சொல்லிவிட்டது.

"தப்பா எடுத்துக்கிடாதீக" என்றாள் பேச்சியம்மாள். "கேட்டீக, சொன்னேன்."

"இன்னொரு தடவை தட்டுறீகளா?"

தட்டினாள். இம்முறை அவனும் மெல்லச் சேர்ந்து பாடினான். கூடத்தில் இரண்டு மூன்று தூரிகைகள் கூடச் சேர்ந்தன. பெட்டிகள் ஒட்டப்படுவதும் நிற்கவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் அவன் முகம் அவனையே முறைத்தது.

வாசலுக்குத் திரும்பியபோது தருண்குமார் பைக்கின் மேல் உட்கார்ந்து இரண்டு கைபேசிகளையும் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னலே, லேபிள வாங்கிட்டியா?"

உபைதுல்லா வெறுங்கையைப் பார்த்துக்கொண்டான். எதற்காக உள்ளே போனோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அது கெடக்கட்டும். காலேஜுல என்னைக்கு?"

"இருபதாந்தேதி. ஏன், விமர்சனம் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"எந்தப் பத்திரிகை?"

உபைதுல்லா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினான். "ஆனைக்குட்டம் பாட்டுல, ரெண்டாவது அடி முடியுற எடத்துல நீ என்னையப் புடிச்சு நிறுத்தணும். ஒரு மூச்சு. பெறகு விடு."

தருண்குமார் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தான்.

"கம்பெனியில இந்தப் பாட்ட வாசிச்சப்பல்லாம், மூணு வருசமா அங்கனதான நிறுத்துனேன். நீதான் நான் மிதிக்கேன்னு சொல்லிட்டுப் போன."

வேலிக்கு அந்தப் பக்கம் டப்பாச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. உபைதுல்லா முன்னால் சாய்ந்தான். முறைத்த முகம் மாறாமலே, நண்பனின் முதுகில் இரண்டு விரல்களால் அந்தத் தாளத்தைத் தட்டிக் காட்டினான்.