கிணற்றில் ஆள்

ஜெகநாதன் சார் அனுப்பிய இரண்டாவது செய்தியைப் பார்த்தபோது கல்பனா கனகம்மாசத்திரம் பேருந்து நிறுத்தத்தில் காலிப் பூக்கூடைகளை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் செய்தி வெறும் "சரி". இரண்டாவது: "நம்ம கிணத்துலயா? அதுல தண்ணியே இல்லையேம்மா."

கயிற்றின் முனை அவள் கையிலேயே இருந்தது. கூடைகள் ஒரு பக்கம் சரிந்தன. அவற்றைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கிணற்றில் ஆள் இறங்குகிறது, மோட்டாரைப் போடாதீர்கள் என்று அவள் குரல்செய்தி அனுப்பியது விஜயன் சாருக்கு என்று நினைத்து. போய்ச் சேர்ந்தது, அவள் பார்த்துக்கொள்ளும் இன்னொரு நிலத்துக்காரர் ஜெகநாதன் சாருக்கு. அங்கிருந்து வந்த "சரி"யைப் பார்த்துவிட்டுத்தான் கஜபதிக்குப் போன் செய்து, சொல்லிவிட்டேன், இறங்குங்கள், கம்பிக்குச் சுற்றுகிற டேப்பு வாங்கிவிட்டேன், கொண்டுவருகிறேன் என்றாள்.

திருத்தணியில் உரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் கல்பனா. நான்கு வருடமாகச் சென்னையில் வேலை பார்க்கிறவர்களின் நிலங்களைப் பார்த்துக்கொள்கிறாள். நாற்று, ஆள், மருந்து, அறுப்பு, வண்டி எல்லாம் அவள் பொறுப்பு. அவர்கள் வாரக் கடைசியில் தொப்பி போட்டுக்கொண்டு வந்து வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கஜபதி அவர்களை ஞாயித்துக்கிழமை ஆளுங்க என்பான். கேலியாகத்தான் சொல்வான், ஆனால் அவர்களுடைய செடியைத் தன் செடியைப் போலத்தான் பார்த்தான். அவன் கல்பனாவின் அக்கா கணவன்; பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் வேலை செய்கிறவர்களில் மின்சார வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

விஜயன் சார் மட்டும் படம் எடுக்க வருகிறவர் இல்லை. மென்பொருள் வேலையில் இருந்துகொண்டே இந்த நிலத்தைக் கணக்காக நடத்த வேண்டும் என்று நினைத்தவர். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் பூ எவ்வளவு போகும் என்று போன வருடமே விசாரித்து வைத்துக்கொண்டு சாமந்தி போட்டிருந்தார். மொட்டு விட்டிருக்கிற நேரத்தில் கிணற்று மோட்டாரின் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கி, போட்டதும் நின்றுகொண்டிருந்தது. நேற்றிலிருந்து செடிக்குத் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்: ஆச்சா, ஆச்சா.

மோட்டாரை அவர் சென்னையிலிருந்தே போடுவார். கொட்டாயில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போனோடு பேசும் ஸ்டார்ட்டர் இருந்தது. திரீ பேஸ் கரண்ட் வந்ததும் அவருக்குச் செய்தி போகும். அலுவலகக் கூட்டத்தில் இருந்தாலும் அது மட்டும் கைக்கடிகாரத்தில் அதிரும், தொட்டால் மோட்டார் எடுத்துக்கொள்ளும் என்று ஒருமுறை பெருமையாகக் காட்டியிருந்தார். மற்ற எந்த அழைப்பும் அப்போது அவருக்குத் தெரியாது.

அந்தப் பெட்டிக்குப் பூட்டு போட்டதும் அவர்தான். பங்குனியில் ஒரு சாயங்காலம் மோட்டார் வழக்கத்தைவிட நேரம் ஓடியிருக்கிறது என்று போனில் பார்த்துவிட்டுக் கேட்டார். பக்கத்து நிலத்துச் சிங்காரத்தின் மோட்டார் பழுதாகிக் கத்தரி வாடிக் கிடந்தது, தண்ணீர் விட்டேன் என்று கஜபதி ஒத்துக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூட்டு வந்தது. மெயினும் பீஸ் கட்டைகளும் உள்ளே போயின. சாவி சென்னைக்குப் போனது. அதற்கு முன்பெல்லாம் கஜபதி கிணற்றில் இறங்கினால் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவான். பூட்டு வந்த பிறகு அதற்குப் பதிலாகக் குரல்செய்தி வந்தது. கல்பனா அதற்குச் சம்மதித்தாள். விஜயன் சார் போய்விட்டால் அவர் சொல்லித் தங்கள் நிலத்தை அவளிடம் விட்ட இரண்டு பேரும் போய்விடுவார்கள் என்று அப்போது யோசித்தாள்.

விஜயனுக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. சரியான இடத்துக்குக் குரல்செய்தி போட்டாள். எழுதியும் போட்டாள். போய்ச் சேர்ந்தது, பார்க்கப்படவில்லை. கஜபதிக்குச் செய்தாள். அவன் சட்டையைக் கழற்றி, போனோடு கொட்டாய் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான் என்று தெரிந்தே செய்தாள். சிங்காரத்துக்குச் செய்தாள். பூட்டு வந்ததிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. இரண்டு முறை அடித்ததும் துண்டித்தார்.

கூடைகளை அங்கேயே தள்ளிவிட்டு வண்டியை எடுத்தாள்.

திருப்பதி சாலையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டிக் கிளைச்சாலையில் இறங்கியபோது கரண்ட் இன்னும் வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் நிலங்கள் சத்தமில்லாமல் கிடந்தன. தொட்டிகளின் மேல் குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு காய்ந்திருந்தன. இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள். இன்றைக்கு மட்டும் கரண்ட் வராமல் போகட்டும்.

வேப்பமர வளைவைத் தாண்டியதும் வலதுபக்கம் ஒரு குழாய் இருமியது. கொஞ்சம் காற்று, கொஞ்சம் சேற்றுத் தண்ணீர், பிறகு கை பருமனுக்குத் தண்ணீர். அதற்கடுத்த நிலத்தில் இன்னொன்று. தூரத்தில் மற்றொன்று, வெயிலில் வெள்ளையாக. கரண்ட் வந்ததும் தானாக எடுத்துக்கொள்ளும் மோட்டார்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டே போயின. அவள் வண்டியைவிட அவை வேகமாகப் போயின.

அக்காவின் முகம் வந்தது. அதைத் தள்ளினாள்.

கொட்டாய் வாசலில் வண்டியைச் சாய்த்தாள். அது விழுந்தது. பெட்டியின் சிறு கண்ணாடி வழியாகப் பச்சை விளக்கு எரிவது தெரிந்தது. மோட்டார் சத்தம் இல்லை. ஒரு மூச்சுக்கு அவளுக்குத் தெம்பு வந்தது, அடுத்த மூச்சில் போய்விட்டது. விஜயன் இன்னும் தொடவில்லை என்றாலும் சத்தம் இருக்காது. தொட்டு, கிணற்றில் இருக்கிறவன் கையில் கம்பி இருந்து, உடனே நின்றுபோயிருந்தாலும் சத்தம் இருக்காது.

"பாவா."

கிணற்றிலிருந்து பதில் இல்லை. கிணறு சாமந்திப் பாத்திக்கு அப்பால், ஆழமானது. அங்கே ஓடிப் போய்க் கூப்பிடுவதா, இங்கேயே நிற்பதா என்று அவள் கால்கள் தடுமாறின. ஓடுகிற நேரத்தில் அவர் தொட்டுவிட்டால்? மூலையில் கடப்பாரை சாய்ந்திருந்தது. அதன் முனையைப் பூட்டின் வளையத்துக்குள் கொடுத்து உடம்பின் எடை முழுவதையும் போட்டாள். நல்ல பூட்டு. வளையம் அப்படியே இருந்தது, அதைத் தாங்கிய தகடு பிய்ந்து வந்தது. மெயினை இறக்கினாள். பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மூன்றும் கைக்கு வந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். ஆணியில் தொங்கிய சட்டைப்பையில் அவளுடைய தவறிய அழைப்புகளோடு போன் மினுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு கிணற்றை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. சாமந்தி இலைகள் சுருண்டிருந்ததைப் பார்த்தாள். அதைப் பார்த்ததற்காகத் தன்மேல் கோபம் வந்தது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் குனியாமல் எதிர்ச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குனிந்தாள்.

கஜபதி கீழ்ப்படியில், இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். பல்லில் கத்தி. கேபிளின் தோல் உரித்த கம்பிகள் இரண்டு கையிலும் விரிந்திருந்தன. மேலே பார்த்தான். கத்தியை எடுத்துவிட்டுக் கேட்டான்:

"டேப்பு எடுத்தாந்தியா? எவ்ளோ நேரம் ஒக்காந்துகினு இருக்கறது?"

அப்போது போன் அடித்தது. விஜயன்.

பெட்டியில் கரண்ட் போய்விட்டதாகக் காட்டுகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று அவர் கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது, கூட்டத்திலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். கரண்ட் வந்த செய்தியைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன், ஸ்டார்ட் கொடுத்தேன், மோட்டார் எடுக்கவில்லை, மறுபடியும் கொடுத்தேன், அப்போதும் எடுக்கவில்லை என்றார்.

கல்பனா தன் இடது கையைப் பார்த்தாள். பீஸ் கட்டைகள் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

"எப்ப சார் குடுத்தீங்க?"

"இப்பதாங்க. ரெண்டு நிமிஷம் இருக்கும். ஏன்?"

"கிணத்துல ஆள் இருக்குது சார்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்துக்கொண்டு அவரைக் கடந்து போகும் சத்தம் வந்தது.

"எனக்கு யாருமே சொல்லலையே" என்றார்.

"சொல்லல சார். வேற ஒருத்தருக்குப் போட்டுட்டேன். என் தப்பு. பெட்டிய ஒடச்சிட்டேன்."

அவர் எங்கோ ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"அவரு... எப்படி இருக்காரு?"

"டேப்பு கேக்கறாரு சார்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. அவள் நினைத்து வைத்திருந்தது எதுவும் இல்லை, தானாக வந்தது: இனிமேல் அந்தப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது, இறங்குகிற ஆள் மடியில் பீஸ் கட்டை இருக்க வேண்டும், அது ஒத்துவராது என்றால் நிலத்தைப் பார்க்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

கஜபதி மேலே ஏறி வந்திருந்தான். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்ட, அவள் கையில் இருந்ததையும் கொட்டாயையும் மாறி மாறிப் பார்த்தான். பேசியதில் பாதி அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"சார் கிட்ட சொல்லிட்டேன்னு தானே சொன்ன?"

"ஜெகநாதன் சாருக்குப் போய்டுச்சி பாவா. அவரு சரின்னு போட்டாரு. யாருன்னு பாக்காம உங்கள எறங்கச் சொல்லிட்டேன்."

அவன் சுவர்மேல் உட்கார்ந்தான். பக்கத்து நிலத்தில் சிங்காரத்தின் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கஜபதி தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான், ஏதோ ஒட்டியிருக்கிறது போல. திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க அக்காகிட்ட சொல்லாத" என்றான்.

பிறகு கையை நீட்டினான். அவள் மூன்றையும் கொடுத்தாள். லுங்கி மடிப்பில் ஒவ்வொன்றாக வைத்துச் சுருட்டிச் செருகினான். டேப்பையும் வாங்கிக்கொண்டு, மேலே பார்க்காமல் இறங்கிப் போனான்.

கல்பனா அங்கிருந்து நகரவில்லை. கூடைகளைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்தது ஒருமுறை நினைவுக்கு வந்து போயிற்று. கீழே டேப்பு பிரியும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றபோதெல்லாம் குனிந்து பார்த்தாள்.

அவன் இன்னும் உள்ளே இருக்கும்போதே விஜயனிடமிருந்து செய்தி வந்தது. "இப்ப போடலாமா?" இத்தனை மாதத்தில் அவர் இப்படிக் கேட்டதில்லை. போனைச் சுவர்மேல் கவிழ்த்து வைத்தாள்.

கஜபதி மேலே வந்து, ஈரத்தைத் துடைத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனான். பிய்ந்து தொங்கிய தகட்டை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தான். மடியை அவிழ்த்துப் பீஸ் கட்டைகளைத் தானே மாட்டினான்.

"போடலாமான்னு கேக்கறாரு பாவா."

அவன் திரும்பிக் கிணற்றுப் பக்கம் பார்த்தான். அங்கே யாரும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் வெகுநேரம் பார்த்தான். பிறகு மெயினைத் தூக்கினான்.

"ஆங். போடச் சொல்லு."

அவள் எழுதினாள். மோட்டார் எடுக்கும் வரை இருவரும் பெட்டியருகே நின்றார்கள். தண்ணீர் முதல் பாத்திக்குள் நுழைந்தபோது அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போனான். அவள் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.