கிளாக்கரம்மாவின் போத்தல்

சாப்பாட்டு அலுமாரிக்குப் பூட்டுப் போட்ட பிறகும் ஜெயமலர் பருத்துக்கொண்டுதான் வந்தாள். பூட்டிய மனுஷனுக்கு அதிலேயே விஷயம் விளங்கியிருக்க வேண்டும். கனகசுந்தரத்துக்கு விளங்கவில்லை. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர்; தோட்டத்துக் கணக்கும் கையிருப்பும் அவர் பொறுப்பு. பொருள் குறைந்தால் யாரோ எடுக்கிறார்கள், கூடினால் யாரோ சேர்க்கிறார்கள், அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். மனைவி பருக்கிறாள் என்றால் களவாகச் சாப்பிடுகிறாள். தினமும் அன்றைய சமையலுக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கந்தோருக்கு வேலைக்குப் போவார்.

"அம்மா ஒண்ணுமே திங்கிறதில்லீங்க ஐயா," என்று சமையலுக்கு உதவத் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் மரியகொரட்டி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"உன்னை ஆர் கேட்டது?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர்மாரின் மனைவிகள் வந்து, அலுமாரிக்கு ஏன் பூட்டு என்று கேட்டபோது ஜெயமலர் சிரித்து மழுப்பினாள். "வேலைக்காரர் வந்து போற வீடுதானே," என்றாள். அவர்களும் தலையாட்டினார்கள்.

முகம் உருண்டது. வயிறு தள்ளியது. கையும் காலும் மட்டும் மெலிந்துகொண்டே போயின. படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. பிறஷர் ஏறிக் கிடந்தது. அது 1959ஆம் ஆண்டு. பதுளையில் டொக்டர் அம்பலவாணர் இப்படிப்பட்டவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு, கணவரை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்.

டொக்டர் அவளுடைய கையில் தானாகவே வந்திருந்த நீலக் கன்றல்களை வெகுநேரம் பார்த்தார். சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது, மனம் கலங்கும்போது அது சுரக்கும், அளவு மீறிச் சுரந்தால் சாப்பிடாத ஆளும் பருக்கலாம், இருதயமும் கெடலாம் என்றார். மலைநாட்டில் எத்தனை பேர் இப்படிக் கஷ்டப்படுகிறார்கள் என்பதுதான் அவர் தேடுவது. பிறகு சிறுநீர் சேர்க்க ஒரு பெரிய மண்ணிறப் போத்தலைக் கொடுத்தார்.

"ஒரு நாள் காலமை துடங்கி மற்ற நாள் காலமை வரைக்கும் போற சலம் முழுக்க இதுக்குள்ள வரவேணும், அம்மா. ஒரு சொட்டும் வெளிய போகக் கூடாது. அந்தச் சுரப்பு சலத்தில வரும், கொழும்புக்கு அனுப்பி அளந்து பாப்பம். சுரப்பு கூட இருந்தால் உங்களில ஒரு பிழையும் இல்லை."

உங்களில ஒரு பிழையும் இல்லை. ஜெயமலருக்கு அழுகை வந்துவிட்டது. கனகசுந்தரம், "அதையும் பாப்பம்," என்றார்.

அவள் குறித்து வைத்திருந்த நாளுக்கு முதல் நாள் மாலை, யாழ்ப்பாணத்து வெக்கை தாங்காமல் கனகசுந்தரத்தின் தமக்கை குணமணி பெட்டியோடு வந்து இறங்கினார். விடிந்ததும் பின்வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கக்கூசுக்குப் போகும் வழி அதுதான். சாமிப்படம் இருக்கும் வீட்டுக்குள் வைக்க மனமில்லாமல் ஜெயமலர் போத்தலை விறகுக் கொட்டிலில் ஒளித்திருந்தாள். முதல் தடவை தப்பிவிட்டாள். இரண்டாம் தடவை பிடிபட்டாள்.

"என்ன மலர், போத்தலும் கையுமாப் போறாய்?"

"மண்ணெண்ணெய், மச்சாள். அங்கால ஒரே எறும்பு."

ஒரு நாளில் எத்தனை தரம் எறும்புக்கு மண்ணெண்ணெய் ஊற்ற முடியும்? அதன் பிறகு வெறுங்கையோடு போய் வந்தாள். அடுத்த நாள் காலையில் பார்த்தால் போத்தலில் அடி மட்டும்தான் நனைந்திருந்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் டொக்டர் என்ன நினைப்பார்? குசினியில் முதல்நாள் வெறுந்தேத்தண்ணி கேத்தலில் ஆறிக் கிடந்தது. நிறம் அச்சொட்டாக இருந்தது. ஊற்றினாள். மரியகொரட்டி பார்த்தாள், பார்க்காதவள் மாதிரி அடுப்பை ஊதினாள்.

போத்தல் போய்ச் சில கிழமைகள் கழித்து, பதுளைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

"சுரப்பு குறைவாத்தான் இருக்கு," என்றார் டொக்டர். "நான் நினைச்சது பிழை. சாப்பாட்டைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கோ, அம்மா."

கனகசுந்தரம் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் இடுப்பில் இருந்த திறப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பேசாமல் இருந்தால் சாகும்வரை களவாய்த் தின்றவள். பேசினால் சலத்துக்குள் தேத்தண்ணி ஊற்றியவள். இரண்டு மானக்கேட்டில் எதை எடுப்பது என்று அவளுக்குத் தலை சுற்றியது.

"டொக்டர், அதுக்குள்ள தேத்தண்ணி விட்டனான்."

அங்கே நின்ற நேர்ஸ் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பினாள். அவளுடைய தோள் குலுங்கியது. டொக்டர் சிரிக்கவில்லை.

"ஏன் அம்மா?"

"வீட்டில மச்சாள் வந்து நிண்டவ. வெக்கமாப் போச்சு."

மற்றப் பெண்கள் கொடுத்த போத்தல்கள் சுவரோரம் வரிசையாக இருந்ததை டொக்டர் பார்த்தார். முகம் கறுத்துப்போனது. "எப்பிடி நிரப்பிறது எண்டு சொன்னன். வீட்டில எப்பிடிச் சமாளிப்பியள் எண்டு நான் ஒருதரையும் கேக்கேல்லை," என்றார். இன்னொரு போத்தலை எடுத்துத் தந்தபோது அவளுடைய முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

ரயிலில் கனகசுந்தரம் ஒரே ஒரு வசனம்தான் பேசினார். "என்ரை மானத்தை வாங்கிப்போட்டாய்."

வீட்டுக்கு வந்ததும், இன்னும் அங்கேயே தங்கியிருந்த அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து அலுமாரியைத் திறந்தார். சீனி, முறுக்குத் தகரம், ஜாம் எல்லாவற்றையும் வெளியே அள்ளி வைத்தார். "போத்தலை இதுக்குள்ள வை. அக்காவின்ரை கண்ணில படக் கூடாது," என்று திறப்பை அவள் கையில் போட்டார். சோற்றுக்குத் தராத திறப்பைச் சலத்துக்குத் தந்தார். இதற்காகவா இவ்வளவு நாள் ஏங்கினோம் என்று அவளுக்குக் கூசியது.

மறுநாள் காலை அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்தாள். பின்வாசலில் குணமணி இருந்தார்.

"இண்டைக்கும் எறும்போ, மலர்?"

காது இரண்டும் எரிந்தன. ஆனாலும் நின்றாள்.

"எறும்பில்லை, மச்சாள். என்ரை சலம் பிடிக்கப் போறன். நான் களவாச் சாப்பிடுறனோ எண்டு பாக்க டொக்டர் கேட்டவர். உங்கடை தம்பி எனக்குத்தான் அலுமாரியைப் பூட்டி வைச்சிருக்கிறார்."

உள்ளே கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கனகசுந்தரத்தின் கை நின்றுவிட்டது. குணமணி தம்பியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"அந்தப் பூட்டு இந்த மரியகொரட்டிக்கெண்டெல்லோ நான் நினைச்சன்," என்றார்.

மரியகொரட்டி முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஜெயமலருக்குக் கையிலிருந்த போத்தல் மறந்துபோனது. வேலைக்காரர் வந்து போற வீடுதானே என்று வந்தவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு வசனம்தான் நினைவுக்கு வந்தது. முற்றத்துக்கு இறங்கிப் போனாள்.

"பூட்டு உனக்கில்லை எண்டு நான் எப்பவோ சொல்லியிருக்கவேணும், மரியகொரட்டி."

"எனக்குத் தெரியுங்கம்மா," என்றாள் அவள், கூட்டுவதை நிறுத்தாமல். "லயத்துல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியாது."