கை கீழே

லோகேஸ்வரன் வீட்டில் காலையில் பசியாறும் முன்பே பிரம்பு இறங்கிவிடும். மலேசியாவின் புக்கிட் செலம்பாவில் அந்த வரிசை வீடுகளுக்கு அது பழகிப்போன சத்தம். அன்று அவனுடைய ஒன்பது வயது மகள் தாரா பக்கத்து வீட்டு அக்காளுக்கு வணக்கம் சொல்லவில்லை.

"வாயத் தொற! வணக்கம்னு சொல்லு!"

கெண்டைக்காலில் இரண்டு, முழங்கையில் ஒன்று. தாரா சொல்லவில்லை, அப்பன் புறங்கையை ரத்தம் வரக் கடித்தாள். அவன் கன்னத்தில் அறைந்தான்.

மகளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி நான்கு வருடமாகிறது. அவள் வாயால் முழுசாக ஒரு வாக்கியம் கேட்டுவிட வேண்டும் என்பதே அவனுடைய வெறி. அதற்கு அந்த மனுஷனுக்குத் தெரிந்த வைத்தியம் பிரம்பு ஒன்றுதான்.

பள்ளி ஓய்வு நேரத்தில், அவள் விட்டுப்போன தண்ணீர்ப் போத்தலோடு மோட்டார் சைக்கிளில் போனான். கேண்டீன் ஓரத்தில் தாரா அலறிக்கொண்டிருந்தாள். வகுப்புத்தோழி மேனகா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என் புள்ளையவா அடிக்கிற?"

கையிலிருந்த ஹெல்மெட்டாலேயே அவளை அடித்தான். மேனகாவின் உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். வெறி அடங்காமல் மறுபடியும் ஓங்கினான்.

ஓங்கிய கையைச் சின்ன விரல்கள் பற்றின. கடிக்கப்போகிறாள் என்று நினைத்தான். தாரா கடிக்கவில்லை. பலத்தையெல்லாம் திரட்டி அந்தக் கையைக் கீழே அழுத்தினாள்.

"கை கீழே. வாயால சொல்லு."

ஹெல்மெட் தரையில் உருண்டது. மகள் வாயால் லோகேஸ்வரன் கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

மேனகா விக்கி விக்கி அழுதாள். "கோவம் வந்தா அவ அடிச்சிருவா, அங்கிள். இப்பல்லாம் அவளே கைய நீட்டுவா. நாங்க பிடிச்சிக்கிட்டு இப்படித்தான் சொல்வோம். டீச்சர் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க."

ஓடிவந்த டீச்சர் மேனகாவை அணைத்துக்கொண்டார். "நான் போலீஸுக்குப் போன் பண்றேன்."

"பண்ணுங்க டீச்சர். தப்பு என்னோடது."

மேனகாவின் முன் முட்டி போட்டுக் கைகூப்பினான். தாரா அவன் கூப்பிய கைகளையும் கீழே இறக்கினாள்.

"வாயால சொல்லு."

"மன்னிச்சிரும்மா," என்று உடைந்து அழுதான். "அடிச்சு அடிச்சு என் புள்ளைக்கு நான் அடிக்கத்தான் கத்துக்குடுத்தேன். பேசக் கத்துக்குடுத்தது கூட்டாளிங்க நீங்கதான்."