உயிருள்ள மலைகளின் பட்டியல்

உலகத்து எரிமலைகளையெல்லாம் தமிழில் பட்டியலிடும் வேலை எனக்கு வாய்த்தது. ஓர் இணையத்தளத்துக்காக, மல்லாவியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தட்டுகிறேன். இந்த வன்னியில் ஓர் எரிமலைகூடக் கிடையாது. ஆனாலும் எது எப்போது வெடித்தது என்று என்னைத்தான் கேட்க வேண்டும். பெயர், நாடு, கடைசியாக வெடித்த ஆண்டு. தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதலாம். அந்தச் சொல்லைத் தட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

அப்பா, 2009 சித்திரையில் தண்ணீர் எடுக்கப் போனவர். திரும்பவில்லை.

அம்மாவுக்கு அவர் உயிரோடு இருக்கிறார். தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பார்கள். ஊரெல்லாம் மீன் இறைச்சி தவிர்த்துக் கசப்பான காத்தோட்டிக்காய் சமைக்கும் அந்த நாளில் அம்மா வேண்டுமென்றே மீன் குழம்பு வைப்பார். ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் மணக்க வேண்டும் அவருக்கு.

போன கிழமை தேத்தண்ணீர் கொண்டுவந்த அம்மா திரையை எட்டிப் பார்த்தார்.

"உது செத்த மலையோ தம்பி?"

"இல்லையம்மா. கடைசியா வெடிச்சு அறுநூறு வருசம். பத்தாயிரம் வருசத்துக்குள்ள ஒருக்கா வெடிச்சிருந்தாலே உயிருள்ளது எண்டுதான் எழுதுவினம்."

"பாத்தியோ! கொப்பர் போய்ப் பதினாறு வருசம்தானே."

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டு கனகாலம். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடமாக, வேலை என்று பொய் சொல்லி, ஆடி அமாவாசைக் காலையில் புளியங்குளம் போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருகிறேன். வந்து அம்மாவின் மீனையும் தின்கிறேன். என்னைப் போல ஒரு கோழை இந்த ஊரில் இல்லை.

இன்று ஆடி அமாவாசை. இன்றும் போய்வந்தேன்.

மத்தியானம் அம்மா கோப்பையில் சோறு போட்டு மீன் துண்டை வைத்தார். கையை நீட்டினேன். மணிக்கட்டில் ஒரு எள்ளு ஒட்டியிருந்தது. இருவரும் ஒன்றாகத்தான் கண்டோம். அம்மா அதை விரலால் தொட்டெடுத்துப் பார்த்தார்.

"எத்தினை வருசமா?"

"இதோட நாலு."

அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா என் கோப்பையையும் குழம்புச் சட்டியையும் கொண்டுபோய் வாழையடியில் கவிழ்த்தார். கை கழுவினார். குசினிக்குள் போய் வேறு கோப்பையில் வெறும் சோறு எடுத்துவந்து என்னிடம் தந்தார்.

"முதல் காகத்துக்கு வை," என்றார். "பதினாறு வருசமா மனுசன் பசியோட நிண்டிருப்பார்."